கம்பெனி வாசல்ல எம்.டி. ஆகப்போற பேராண்டிக்கு

வா நைனா, குந்து. பேன்ட்டு கசங்கிடும்னு பார்க்காத. விசிட்டிங் கார்டு அடிச்சிட்டியாமே, குடு பார்க்கலாம். "மேனேஜிங் டைரக்டர்". சோக்கா இருக்குது. கீழ மூணு போன் நம்பர் போட்டிருக்கிற. மூணு போனும் உன் ஒரே சட்டைப் பையிலதான இருக்குது? இருக்கட்டும். மூணு ஆபீஸ்னு நினைச்சுக்குவான்.

சிப்காட்டுக் கம்பெனிக்கு மரப் பேலட்டு செஞ்சு சப்ளை பண்ணப் போறேன்னு உங்கம்மா சொன்னா. நல்ல தொழிலு. சரக்கு எதுவா இருந்தாலும் அடியில ஒரு பேலட்டு வேணும், இல்லன்னா போர்க்லிப்ட்டு எதுல கையை விட்டுத் தூக்கும்? அதனால நீ மொதல்ல செய்யவேண்டியது பிளெக்ஸ் அடிக்கிறது. பலகை, ஆணி, ரம்பம் எல்லாம் மெதுவா வாங்கிக்கலாம். நம்ம தேர்வாய் கண்டிகை முனையிலேருந்து கவரைப்பேட்டை வரைக்கும் உன் மூஞ்சி தெரியணும். எம்.எல்.ஏ. மூஞ்சிய வலது பக்கம் போடு, உன் மூஞ்சிய அதைவிட ரெண்டு விரக்கடை சின்னதாப் போடு. அப்பால ஏ.சி. ரூமு, சுத்தற நாற்காலி. பட்டறையில ஆணி அடிக்கிற ஆளு வேர்த்து ஊத்திக்கினு நிக்கட்டும், எம்.டி. வேர்க்கக் கூடாது.

நான் ஒண்ணும் கிண்டல் பண்ணல. இந்த ஊரு தொழிலதிபருங்க ஊரு. நீ பொறக்கறப்ப இப்படி இல்ல. இப்ப 1127 ஏக்கரா சிப்காட்டுன்னு போர்டு வெச்சிருக்குதே, அது நம்ம மேய்க்கால். ஊரு ஆடு மாடெல்லாம் அங்கதான். 2009-ல பிரான்சு நாட்டு மிச்சலின் டயர் கம்பெனி 4000 கோடி போடறேன்னு சர்க்காரோட கையெழுத்துப் போட்டுச்சு. அதுக்கு மட்டும் 290 ஏக்கரா. மேய்க்கால் போவக் கூடாதுன்னு ஊரே நின்னுச்சு, கிராம சபையில தீர்மானம் போட்டுச்சு, ஐகோர்ட்டுக்குப் போச்சு, 2012-ல பிரான்சு சர்க்கார் வரைக்கும் புகார் போச்சு. கடைசியில கம்பெனி வந்துச்சு, ஆடு போச்சு. ஆடு மேய்ச்ச எடத்துல இப்ப எம்.டி.ங்க மேயறீங்க. எனுக்கு வருத்தமில்ல. ஆட்டுக்கு விசிட்டிங் கார்டு அடிச்சுக் குடுக்கிற செலவு கெடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்பெனி வந்தவுடனே ஊர்ல பாதிப் பேரு டிப்பர் லாரி எடுத்தான், ஜே.சி.பி. எடுத்தான். பக்கத்து வீட்டுக்காரன் எடுத்துட்டான்ற காரணம் ஒண்ணே போதும், கணக்கு கிணக்கு எதுக்கு? கட்டடம் கட்டற வரைக்கும் மண்ணு அடிச்சாங்க. கட்டி முடிச்சிட்டா மண்ணு எதுக்கு? டியூ மட்டும் மாசா மாசம் கரெக்டா வந்துச்சு. அந்தாண்ட கண்ணன்கோட்டை ஏரியையும் நம்ம ஏரியையும் சேர்த்து 380 கோடியில நீர்த்தேக்கம் கட்டி 2020 நவம்பர்ல திறந்தாங்களே, 500 மில்லியன் கன அடி, எல்லாம் மெட்ராஸ்காரன் குடிக்க. அந்தக் கரைக்குப் பக்கத்துலயே நம்ம பசங்க கேன் தண்ணி வண்டி ஓட்டறானுங்க. அவ்வளவு தண்ணிய எதிர்ல வெச்சுக்கினு தண்ணி விக்கிறவன்தான் வியாபாரி. அவனைப் பார்த்து நான் தினம் கும்பிடு போடறேன்.

அந்த டயர்க்காரன் கதை தெரியுமா உனுக்கு? அங்க வேலை செஞ்ச, யூனிபார்ம் போட்ட, கேன்டீன்ல சாப்ட்ட, கதைய மட்டும் கேக்கல. 1889-ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஆரம்பிச்ச கம்பெனி அது. 1900-ல அவங்க நாடு பூரா சேர்த்து 3000 காரு கூட ஓடல. டயரு யாரு வாங்குவான்? அவன் பிளெக்ஸ் அடிக்கல. ஒரு புக்கு போட்டான். எந்த ஊர்ல பெட்ரோல் கிடைக்கும், எங்க பஞ்சர் ஒட்டலாம், எங்க சாப்பிடலாம், எங்க தங்கலாம்னு எல்லாத்தையும் எழுதி 35,000 புக்கு இனாமாக் குடுத்தான். காரு 3000 இல்ல, புக்கு 35,000. படிச்சவன் காரை எடுத்துக்கினு தூர ஊருக்கு சாப்பிடப் போனான். டயரு தேஞ்சுது. தேஞ்சா யார்கிட்ட வருவான்?

நீயும் ஐம்பது பேலட்டு சாம்பிளுக்கு இனாமா குடுக்கப் போறியாமே. நல்ல மனசு. அவன் இனாமாக் குடுத்தது புக்கு, தேஞ்சது ஊரான் டயரு. உன் இனாம்ல இன்னா தேயும்? உன் பலகை, உன் ஆணி, உங்கம்மா கம்மலு. இதையும் கேளு, 1920-ல அண்ணன்காரன் ஒரு டயர் கடைக்குப் போனானாம். இனாமாக் குடுத்த புக்கை மேசை ஆடாம இருக்கக் காலுக்கு அடியில அடுக்கி வெச்சிருந்தானாம் கடைக்காரன். அன்னியிலேருந்து புக்குக்கு வெல போட்டுட்டான். உன் ஐம்பது பேலட்டையும் வாட்ச்மேன் வெந்நீர் வெக்கத்தான் ஒடைப்பான், எழுதி வெச்சுக்கோ.

அந்தப் புக்குலதான் அப்பால நல்ல ஓட்டலுக்கெல்லாம் ஸ்டார் குடுக்க ஆரம்பிச்சான். உலகத்துல சமையக்காரனெல்லாம் அதுக்கு அழுவறான். நம்ம ஊரு கேட்டாண்ட உங்கத்தை இட்லி போடறாளே, ஸ்டார் குடுக்க ஒருத்தனும் எட்டிப் பார்க்கல. ஆனா அவகிட்ட நீ ஒரு வாரம் வேலைக்கு நில்லு நைனா, எம்.பி.ஏ. எல்லாம் அப்பால படிச்சுக்கலாம். காண்ட்ராக்ட்டுல வந்த ஒடிசாப் பசங்களும் பீகார் பசங்களும் மூணு வேளையும் சோறு துண்ண மாட்டானுங்கன்னு எவனும் சொல்லாமயே அவளுக்குத் தெரிஞ்சுது. ரொட்டி போட ஆரம்பிச்சா. நைட்டு ஷிப்டு விடற நேரத்துக்கு அடுப்பு எரியும், மத்த நேரம் அணைஞ்சிருக்கும். இந்தி நாலு வார்த்தைதான் தெரியும், நாலும் துட்டைப் பத்தினது.

அவளுக்குப் பத்தடி தள்ளி ஒருத்தன் பெரிய மெஸ் வெச்சான், பேரு வேணாம். கண்ணாடிக் கதவு, பேனு, மாசக் கணக்கு நோட்டு. "அண்ணே, சம்பளம் வந்ததும் தரோம்"னு அம்பது பேரு நோட்டுல எழுதிச் சாப்ட்டாங்க. அவனும் தினம் சாயங்காலம் நோட்டைக் கூட்டிப் பார்த்து, இவ்வளவு யாவாரமான்னு மலைச்சுப் போனான். ஒரு ராத்திரி காண்ட்ராக்ட்டு மாறிச்சு. காண்ட்ராக்டர் பஸ்ஸு வெச்சு அத்தினி பேரையும் வேற ஊரு சைட்டுக்கு ஏத்திக்கினு போயிட்டான். நோட்டு மட்டும் இருக்குது. இப்பவும் பத்திரமா வெச்சிருக்கான், அட்டை போட்டு.

உங்கத்தை கடைக்கு ஒரு பேரே கெடையாது. 'இன்று ரொக்கம் நாளை கடன்'னு சிலேட்டுல எழுதி வெச்சிருக்கா. அந்த நாளை இன்னும் வரல.

நீ சிரிக்கிற. "தாத்தா, அது இட்லிக் கடை, நான் மேனுபேக்சரிங்கு"ன்ற. சரி, மேனுபேக்சரிங்குக்கு வரேன். திருவொத்தியூர்ல 1946-ல மாமன் மாப்பிள்ளைன்னு ஒருத்தரு ஒரு கொட்டாயில பலூன் செஞ்சாரு. கொழந்தைங்க ஊதற பலூனு. அதைப் பையில போட்டுக்கினு மெட்ராஸ் தெருவுல அவரே வித்தாருன்னு சொல்வாங்க. 1952-ல பழைய டயருமேல ஒட்டற டிரெட் ரப்பரு. 1961-லதான் டயரு. அதான் எம்.ஆர்.எப். பலூன்லேருந்து டயருக்குப் போவ அந்த மனுசனுக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. உன் பிராஜக்ட் ரிப்போர்ட்டுல மூணாவது வருஷமே சிங்கப்பூருக்கு ஏத்துமதின்னு போட்டிருக்கிற. அந்த ஆடிட்டரு நல்லா கதை எழுதறாரு, சினிமாவுக்குப் போலாம்.

ராயபுரத்துல சந்திரமோகன், 1970-ல 13,000 ரூபா வெச்சுக்கினு ஐஸ் போட ஆரம்பிச்சாரு. தள்ளுவண்டியில குச்சி ஐஸு. மெட்ராஸ்ல அப்பவே பெரிய பெரிய ஐஸ்க்ரீம் கம்பெனிங்க. அவங்க கடை எதிர்ல போயி கடை போடல அவரு. காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போட்டாரு, அப்பால பெரிய ஆளுங்க திரும்பிப் பார்க்காத சின்ன ஊருங்களுக்கு எடுத்துக்கினு போனாரு. அதான் அருண் ஐஸ்க்ரீம், இப்ப ஹட்சன். நீ இன்னாடான்னா, சிப்காட்டுல இருக்கிற அத்தினி பெரிய கேட்டுக்கும் கொட்டேஷன் குடுத்துட்டு வந்திருக்கிற. கும்மிடிப்பூண்டியில பழைய சிப்காட்டுல சின்னச் சின்னப் பட்டறை எத்தினி இருக்குது? அவனுக்குப் பத்து பேலட்டுதான் வேணும், ஆனா வண்டியிலேருந்து எறக்கறப்பவே துட்டு எண்ணுவான். உனுக்கு அது கேவலம். செல்பி எடுக்க அங்க நல்ல கேட்டு கெடையாதே.

இப்ப பெரிய கேட்டுக்கே வரேன். ஆர்டர் கெடைச்சிடுச்சுன்னு வெச்சுக்கோ. லட்ச ரூபா சரக்கு. பட்டாசு வெடி, ஸ்வீட் குடு. வண்டி கேட்டாண்ட நாலு மணி நேரம் நிக்கும். உள்ள போனா எண்ணிப் பார்த்து ஒரு சீட்டு குடுப்பான். குவாலிட்டிக்காரன் வந்து நாலு பேலட்டுல ஆணி தூக்கிக்கினு இருக்குதுன்னு ஓரமா வெப்பான். அந்த நாலுக்காக மொத்த பில்லும் நிக்கும். அதை முடிச்சிட்டு வந்தா பர்ச்சேஸு சாரு ஊர்ல இல்ல. அவரு வந்தா அக்கவுண்ட்ஸு சாரு லீவு. ரெண்டு பேரும் இருந்தா, இந்த மாச பேமென்ட்டு சைக்கிள் நேத்தோட முடிஞ்சிடுச்சு. இதுல யாரையும் கெட்டவன்னு சொல்ல முடியாது. எல்லாரும் சிரிச்சுக்கினேதான் பேசுவாங்க. டீ கூட வாங்கிக் குடுப்பாங்க.

அதுக்குள்ள சனிக்கிழமை வந்துடும், ஆணி அடிக்கிறவனுக்குக் கூலி. மரக்கடைக்காரன் ரொக்கம் இல்லாம பலகைய தொடவே விடமாட்டான். அப்பால சர்க்காரு. பில்லு போட்ட மறுமாசமே ஜி.எஸ்.டி. கட்டணும் நீ. கம்பெனிக்காரன் உனுக்குக் குடுத்தானா இல்லையான்னு அந்த ஆபீஸ்ல எவனும் கேக்க மாட்டான். இன்னும் வராத துட்டுக்கு நீ வரி கட்டற. ஆக, பெரிய கம்பெனிக்கும் கடன் குடுத்து, சர்க்காருக்கும் முன்பணம் குடுத்து நிக்கிறது யாரு? எங்க பேராண்டி. ரிசர்வ் பேங்க்குக்குக் கூட இவ்வளவு தாராளம் கெடையாது.

ஆடு மேய்ச்சவன் நான், ஒரே ஒரு கணக்குதான் எனுக்குத் தெரியும். காலையில எத்தினி ஆடு ஓட்டிக்கினு போனேன்னு உங்க பாட்டி கேட்டதே இல்ல. பொழுது சாஞ்சா பட்டியில எத்தினி அடைஞ்சுதுன்னுதான் எண்ணுவா. உன் ஆர்டர் காப்பியெல்லாம் காலையில போன ஆடு, நைனா.

"சட்டம் இருக்குது தாத்தா"ன்ற. இருக்குது, யாரு இல்லன்னா? 2006-ல போட்ட சட்டம். குறு, சிறு தொழில்காரன்கிட்ட சரக்கு வாங்கினா, இன்னா பேசிக்கினாலும் 45 நாளைக்கு மேல இழுக்கக் கூடாது. எழுத்துல ஒண்ணும் பேசலைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. படிக்கிறப்ப எனுக்கே மேனி சிலிர்த்துச்சு. தரலைன்னா புகார் வாங்கறதுக்குன்னே ஒரு குழு. போதாதுன்னு 2024 ஏப்ரல்லேருந்து வருமான வரியிலயும் ஒரு கொக்கி. குறித்த நாள்ல உனுக்குத் துட்டு தரலைன்னா, அந்த வருஷக் கணக்குல அதைச் செலவுன்னு காட்ட முடியாது, தந்த வருஷத்துலதான் காட்டலாம். உனுக்குப் பயப்படாத அக்கவுண்ட்ஸு சாரு இதுக்குப் பயப்படறாரு. மார்ச்சு மாசம் வந்தா அவரே போன் பண்ணி, "நீங்க சின்னதா, நடுத்தரமா?"ன்னு பாசமா விசாரிக்கிறாரு. நடுத்தரம்னா அந்தக் கொக்கி கெடையாது பாரு.

இந்தச் சட்டமெல்லாம் உனுக்குப் பேசணும்னா உத்யம் பதிவு வேணும். சரக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுக்கோ, சண்டை வந்தப்புறம் ஓடாத. அது இனாம். ஆதாரும் பான் கார்டும் போதும். பஸ் ஸ்டாண்டாண்ட ஒருத்தன் ரெண்டாயிரம் வாங்கிக்கினு எடுத்துத் தரானாம். அவனும் ஒரு தொழிலதிபர்தான், உன்னைவிட நல்லா நடத்தறான். இன்னொண்ணு, வாங்கி அப்படியே விக்கிற யாவாரிக்கு அந்த 45 நாள் சட்டம் கை குடுக்காது. செஞ்சு குடுக்கிறவனுக்கும் வேலை செஞ்சு குடுக்கிறவனுக்கும்தான். வெளியில பேலட்டு வாங்கி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பலாம்னு ஒரு யோசனை வெச்சிருந்தியே, அதை மறந்துடு.

ஆனா இவ்வளவு பெரிய சட்டத்தைக் கையில வெச்சுக்கினு, புகார் குடுத்தவன் நம்ம பக்கத்துல எத்தினி பேருன்னு நீயே விசாரி. ஏன் குடுக்கல? குடுத்தா துட்டு வரும், வட்டியோட வரலாம். அடுத்த ஆர்டரு வராது. அதுக்காகத்தான் நான் சொல்றது, ஒரே கேட்டை நம்பி பட்டறை போடாத. பத்து ரூபா யாவாரத்துல மூணு ரூபாய்க்கு மேல ஒருத்தன்கிட்ட போனா, அவன் உன் வாடிக்கைக்காரன் இல்ல, உன் மொதலாளி. யூனிபார்ம் மட்டும் குடுக்க மாட்டான். அதுக்கு நீ பழைய வேலையிலயே இருந்திருக்கலாம், பி.எப். ஆவது பிடிப்பாங்க.

டிரெட்ஸுன்னு ஒண்ணு இருக்குதாம், நல்ல ஏற்பாடு. உன் பில்லை அதுல ஏத்தினா பேங்க்குங்க போட்டி போட்டு வட்டியக் கழிச்சுக்கினு ரெண்டொரு நாள்ல துட்டு போடும், அப்பால கம்பெனிகிட்ட வசூல் பண்ணிக்கும். 250 கோடிக்கு மேல யாவாரம் பண்ற கம்பெனியெல்லாம் அதுல சேரணும்னு 2024 நவம்பர்ல உத்தரவே போட்டாச்சு. சேர்ந்தவங்களும் இருக்காங்க. ஒரே ஒரு சங்கடம், "ஆமா, இந்த பில்லு நெசம்தான்"னு அவன் ஒரு பட்டனை அழுத்தணும். அந்த விரலு யாரோடதுன்னு நெனைக்கிற? லீவுல போன சாரு விரலு. அதனால ஆர்டர் வாங்கறப்பவே, பல்லைக் காட்டி போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி, "டிரெட்ஸுல அக்செப்ட் பண்ணுவீங்களா சார்?"னு கேளு. மூஞ்சி மாறுதா பாரு. மாறாதவன்கிட்ட தைரியமா சரக்கு போடு.

கேக்கிறதுக்கு வெக்கமா இருக்குதுன்னு மட்டும் சொல்லாத. நம்ம ஆளுங்களுக்கு இதான் பெரிய வியாதி. ராவும் பகலும் ஆணி அடிக்க வெக்கமில்ல, கடன் வாங்க வெக்கமில்ல, நம்ம துட்டை நம்ம கேக்கத்தான் கூச்சம். அட்வான்ஸு கேட்டா நம்மள சின்ன ஆளுன்னு நினைச்சுக்குவான்ற. நீ சின்ன ஆளுதான்டா! அதுக்குத்தான உத்யம்ல 'குறு'ன்னு எழுதிக் குடுத்திருக்கான்.

சரி, மொதலுக்கு இன்னா பண்ணப் போற? கேட்டவுடனே சொல்ற, அதுவே சந்தேகமா இருக்குது. பேங்க்ல முத்ரா கடன் கேட்டிருக்கேன்ற. நல்லது. 2015-லேருந்து தராங்க, அம்பதாயிரம் வரைக்கும் ஒண்ணு, அஞ்சு லட்சம் வரைக்கும் ஒண்ணு, பத்து லட்சம் வரைக்கும் ஒண்ணு. எஸ்.சி., எஸ்.டி. பசங்களுக்கு, அதான் நம்ம பசங்களுக்கு, அம்பேத்கர் பேர்ல 2023-லேருந்து ஒரு திட்டம் இருக்குது, மூலதனத்துல நூத்துக்கு 35 மானியம், வட்டியிலயும் ஆறு சதவீதம் தள்ளுபடி. திருவள்ளூர் மாவட்டத் தொழில் மையத்துல போயி நில்லு. நாலு தடவ அலைய விடுவான், அலை. பிளெக்ஸ் கடைக்காரன்கிட்ட நீ அலைஞ்சதைவிடக் கம்மிதான்.

தண்டல்காரன்கிட்ட மட்டும் போவாத. அவனுக்குப் பேப்பரு வேணாம், பிராஜக்ட் ரிப்போர்ட்டு வேணாம், வீட்டுக்கே வந்து குடுப்பான். அவன்மாதிரி மரியாதை எந்த மேனேஜரும் தரமாட்டான். ஒன்பதாயிரம் கையில குடுப்பான், தினம் நூறு ரூபா, நூறு நாள். ஆயிரம்தான வட்டின்னு நினைப்ப. தினம் தினம் அசலும் கொறைஞ்சுக்கினே வருதில்ல? வருஷக் கணக்குல போட்டுப் பாரு, நூத்துக்கு எழுபது எண்பதுன்னு வந்து நிக்கும். கம்பெனி உனுக்கு மூணு மாசத்துல தரும், தண்டல்காரன் நாளைக்குக் காலையிலயே வருவான். நடுவுல யாரு நிப்பா? உங்கம்மா நிப்பா, கதவைப் பாதி சாத்திக்கினு, "பையன் வெளிய போயிருக்கான்"னு சொல்லிக்கினு.

இன்னா, எழுந்துக்கிற? குந்து. வந்த விசயத்தை இன்னும் சொல்லவே இல்லியே நீ. ஜாமீன் கையெழுத்தா? போட்டுட்டாப் போச்சு, நீ என் பேராண்டிடா. பேனா குடு. ஒரே ஒரு டவுட்டு. முத்ரா கடனுக்கு ஜாமீனே கேக்கக் கூடாதுன்னுதான் ரூலு. பேங்க்காரன் கேக்காத ஜாமீனுக்கு நான் எந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடறது? மடிச்சு வெச்சிருக்கிறியே, அதை இப்படி விரி பார்க்கலாம்.